ராயபுரம் ஸ்டேஷன்: தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் ஏன் அரை நிமிட நிறுத்தமானது

காலை ஆறரை மணிக்கு ராயபுரம் பிளாட்ஃபாரத்தில் மீன் வாசனைதான் முதலில் வந்து நிற்கும், ரயில் அப்புறம்தான் வரும். காசிமேட்டிலிருந்து அன்னக்கூடையில் ஐஸ் போட்ட மீனோடு வரும் பெண்களுக்கு வெண்டர் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பது கணக்காகத் தெரியும், அங்கேயே கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பார்கள். கூடையின் அடியிலிருந்து ஒழுகும் தண்ணீர் சிமெண்டில் கோடு போட்டு ஓடும். வண்டி வந்ததும் ஒருத்தர் உள்ளே ஏறி இழுக்க, இன்னொருத்தர் கீழே நின்று தூக்கிக் கொடுக்க, அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்து வண்டி வண்ணாரப்பேட்டைப் பக்கம் நகர்ந்துவிடும். பிளாட்ஃபாரம் காலியான பிறகு தலையைத் திருப்பிப் பார்த்தால், தண்டவாளத்தை ஒட்டிச் சிவப்புச் சுவரும் வெள்ளைத் தூண்களுமாக ஒரு கட்டடம் நிற்கும். இந்தச் சின்ன நிறுத்தத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத உயரம் அந்தத் தூண்களுக்கு. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பலர் அதை ஏதோ பழைய குடோன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது குடோன் இல்லை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஸ்டேஷன் அது. பம்பாயில் 1853-இல் முதல் வண்டி கிளம்பிய போரிபந்தரின் அசல் கட்டடம் இன்று இல்லை, 1854-இல் தொடங்கிய ஹௌராவின் முதல் நிலையமும் இல்லை. அதனால்தான் இந்தியாவில் இன்னும் நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழையது என்று ராயபுரத்தைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இன்று புறநகர் மின்சார ரயில்கள் மட்டும்தான் நிற்கின்றன. எக்ஸ்பிரஸ் வண்டிகள் சில இந்தத் தண்டவாளத்தின் மேலேயே போகின்றன, நிற்பதில்லை.

இது எப்படி நடந்தது என்பதுதான் நான் இங்கே பார்க்க நினைப்பது. வடசென்னையைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம், எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ராயபுரத்தை யாரும் ஒரே நாளில் கைவிடவில்லை என்று தெரிகிறது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எடுத்த, அந்தந்த நேரத்தில் சரியாகவே தோன்றிய நாலைந்து முடிவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்ததில்தான் இந்த ஸ்டேஷன் அமுங்கிப் போயிருக்கிறது.

துறைமுகம் வருவதற்கு முந்தைய கரை

ராயபுரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைக்குச் சென்னையின் வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு இது நகரத்தின் ஒரு மூலை. 1850-களில் அப்படி இல்லை. கோட்டை, அதற்கு வடக்கே பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய கருப்பர் நகரம், அதன் மதிலைத் தாண்டினால் ராயபுரம். வியாபாரம் நடந்தது எல்லாம் அந்தக் கரையில்தான். செட்டியார்களின் கிட்டங்கிகளும் ஐரோப்பியக் கம்பெனிகளின் அலுவலகங்களும் அங்கேதான் இருந்தன.

துறைமுகம் பக்கத்தில் என்பதால் ஸ்டேஷன் அங்கே வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். 1856-இல் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கையும் ஆளையும் மசூலா படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது, அலை தூக்கிக் கரையில் அடித்தாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் குடியிருந்த பகுதிதான் ராயபுரம். படகோட்டிகள் எழுப்பிய புனித பேதுரு ஆலயத்தை, அதாவது இராயப்பர் கோயிலை வைத்துத்தான் ஊருக்கே பெயர் வந்தது என்று சொல்வது வழக்கம். எங்கள் வாயில் அது 'ராபுரம்' ஆகிவிட்டது, அது வேறு விஷயம்.

கடலுக்குள் நீட்டிய இரும்புப் பாலம் 1861-இல்தான் வந்தது. முறையான துறைமுக வேலை 1870-களில் தொடங்கி, 1881-இல் அடித்த புயலில் நொறுங்கி, மறுபடி கட்டி முடிக்க 1890-கள் ஆகிவிட்டது. ஆக ரயில்வே கம்பெனி ராயபுரத்தைப் பிடித்தபோது அவர்கள் நம்பியது ஒரு கரையை, படகுகளை, படகோட்டிகளின் கைத்திறனை. அந்தத் துறைமுகம் பிற்பாடு இதே ஊருக்குச் செய்ததையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். கடலுக்குள் சுவர் எழுப்பியதும், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் சுவரின் தெற்கே தேங்கியது. மெரினாவின் அகலமான மணல்வெளி அப்படி வந்ததுதான். வடக்கே மணல் வரத்து நின்றுபோகவே ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் வரைக்கும் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. இன்று காசிமேட்டிலிருந்து வடக்கே போகும் சாலையில் கடலோரம் கருங்கல் கொட்டி வைத்திருப்பது அதனால்தான். தெற்கே கடற்கரை வளர்ந்ததும் வடக்கே கடற்கரை போனதும் ஒரே காரணத்தால். ஸ்டேஷனின் கதையும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் போகப்போகிறது.

1856

மதராஸ் ரயில்வே கம்பெனி என்ற யோசனை 1845-இலேயே லண்டனில் தொடங்கியது. பணம் சேரவில்லை. போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம் தரும், வருமானம் குறைந்தால் மீதியை அரசு கஜானாவிலிருந்து போட்டுத் தரும், நிலமும் இலவசம் என்று ஏற்பாடானதும்தான் கம்பெனி உயிர் பெற்றது. அந்த கஜானாவில் இருந்தது நம் ஊர்க்காரர்கள் கட்டிய வரிப் பணம். ராயபுரத்தின் தூண்களைப் பெருமையோடு பார்க்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்வேன், அதனால் பெருமை குறையாது, நம்முடையது என்ற உரிமைதான் கூடும்.

1853 ஜூனில் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்லே புரூஸ். ஆட்களைக் கட்டாயப்படுத்தி இழுத்து வராமல், கூலி கொடுத்து ஆள் சேர்த்து வேலை வாங்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். 1856-இல் உடல்நிலை கெட்டு அவர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 1856 ஜூன் 28-இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு ஸ்டேஷனைத் திறந்துவைத்தார், ஜூலை 1-இல் வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அந்த முதல் வண்டிகளின் பெட்டிகளைக் கட்டியது மதராஸின் சிம்ப்சன் கம்பெனி, அதுவரை குதிரை வண்டி செய்து பெயர் வாங்கிய கம்பெனி. என்ஜின் இங்கிலாந்திலிருந்து வந்தது, பெட்டி நம் ஊர்த் தச்சர்களின் கையிலிருந்து வந்தது. லண்டன் பத்திரிகையில் இந்தத் திறப்பு விழாவைப் படமாக வரைந்து வெளியிட்டார்கள். இன்று நாம் பார்க்கிற அதே தூண் வரிசைதான்.

இங்கே இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் ராயபுரத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் இவை குழம்பிக் கிடக்கின்றன.

முதலாவது, 'ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு முதல் ரயில்' என்று எல்லா இடத்திலும் இருக்கும். ஆற்காடு பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது, தண்டவாளம் வடகரையில் போகிறது. அன்று 'ஆற்காடு' என்று பெயர் வைத்த ஸ்டேஷன்தான் இன்றைய வாலாஜா ரோடு.  ஆற்காடு ஊருக்குள் இன்றுவரை ரயில் போகவில்லை.

இரண்டாவது, நாம் மூன்றாவதாக வந்தோம் என்பதாலேயே இது சின்ன விஷயம் என்று ஒரு பார்வை உண்டு. பம்பாயில் முதல் நாள் ஓடியது தாணே வரைக்கும் 34 கி.மீ., ஹௌராவிலிருந்து ஹூக்ளி அதைவிடக் கொஞ்சம்தான் கூட. ராயபுரம் தன் முதல் நாளிலேயே சுமார் 100 கி.மீ. பாதையோடு திறந்தது. அதே 1856-இல் பெரம்பூரில் பணிமனையும் தொடங்கிவிட்டது. 1861-இல் சேலம், 1862-இல் மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேப்பூர் என்று பாதை நீண்டுகொண்டே போனது. வங்கக் கடலையும் அரபிக் கடலையும் தண்டவாளத்தால் முதலில் இணைத்தது இந்தப் பாதைதான், அதன் கிழக்கு முனை ராயபுரம். பெங்களூருக்குப் போக வேண்டுமானாலும் 1864-க்குப் பிறகு ராயபுரத்தில்தான் ஏற வேண்டும். ஒரு பதினேழு வருடம், தென்னிந்தியாவுக்கே வாசல் இதுதான்.

சென்ட்ரல் வந்த பிறகு

1873-இல் பார்க் டவுனில் இரண்டாவது முனையம் கட்டினார்கள், இன்று நாம் சென்ட்ரல் என்று சொல்வது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த கட்டடம், பிறகு ராபர்ட் சிஷோம் கைவைத்துக் கோபுரங்களோடு மாற்றியது. ராயபுரத்தில் நெரிசல் தாங்கவில்லை, அதைக் குறைக்கத்தான் இது என்பது அப்போதைய காரணம். நல்ல காரணமும்கூட. சரக்கும் பயணியும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தால் பயணியை வேறு பக்கம் அனுப்புவது இயல்புதானே.

ஆனால் ஊரே அதற்குள் மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. பணமும் பதவியும் உள்ளவர்கள் கருப்பர் நகரத்தின் நெருக்கடியை விட்டு மவுண்ட் ரோடு, எழும்பூர், நுங்கம்பாக்கம் என்று தெற்கிலும் மேற்கிலும் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்குப் பார்க் டவுன் பக்கம், ராயபுரம் தூரம். மேற்கிலிருந்து வரும் வண்டிக்கும் அப்படித்தான். பேசின் பிரிட்ஜ் தாண்டி நேரே இறங்கினால் சென்ட்ரல், ராயபுரத்துக்கு வர வேண்டுமானால் வண்ணாரப்பேட்டை வழியாகச் சுற்றிக் கடற்கரைக்கு வர வேண்டும். நெரிசலைக் குறைக்க வந்த ஸ்டேஷன் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதான ஸ்டேஷன் ஆனது இப்படித்தான். யாரும் ராயபுரத்தை மூட உத்தரவு போடவில்லை. பயணிகளே அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முதல் திருப்பம் 1873 இல்லை, 1907-ஐ ஒட்டிய இரண்டு வருடங்கள்தான். அதுவரை ராயபுரம் ஒரு முனை, தண்டவாளம் முடிகிற இடம். தண்டவாளம் முடிகிற இடத்தில் வண்டி நின்றே ஆக வேண்டும், என்ஜின் திரும்ப வேண்டும், எல்லோரும் இறங்க வேண்டும், அந்த ஒரு காரணத்தாலேயே அந்த இடத்துக்கு மரியாதை உண்டு. 1907-இல் கடற்கரைப் பாதையைத் தெற்கே நீட்டியதும் ராயபுரம் முனை என்ற நிலை போய் வழியில் வரும் ஸ்டேஷன் ஆனது. வெளியூர் வண்டிகள் சென்ட்ரலில் முடிய ஆரம்பித்தன. அதே 1907 முடிவில் மதராஸ் ரயில்வே கம்பெனியின் காலமும் முடிந்தது. 1908 தொடக்கத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் பக்கம் போகும் பாதை தென்னிந்திய ரயில்வேயிடம் போக, மற்றவை சதர்ன் மராட்டா ரயில்வேயோடு சேர்ந்து எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா) என்ற புதுக் கம்பெனி ஆனது. ராயபுரத்தைக் கட்டிய, அதைத் தன் வீடாக நினைத்த கம்பெனி இப்போது இல்லை. அதே 1908-இல் எழும்பூரில் தென்னிந்திய ரயில்வேக்குப் பெரிய முனையம் திறந்தாயிற்று. இரண்டு கம்பெனிக்கும் ஆளுக்கொரு வாசல் கிடைத்துவிட்டது, ராயபுரம் யாருக்கும் வாசல் இல்லை.

எம்.எஸ்.எம்.-இன் தலைமை அலுவலகம் மட்டும் 1922 வரை ராயபுரத்தில் இருந்தது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பெரிய கட்டடம் எழுந்ததும் அதுவும் போய்விட்டது. இன்றைய தெற்கு ரயில்வேயின் தலைமையகம் அதுதான். ரயில்வே அதிகாரிகள் தினமும் வேலைக்கு வரும் இடத்தில் ஒரு குழாய் உடைந்தால் மறுநாள் சரியாகும், அவர்கள் வராத இடத்தில் அது மனு எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயம் ஆகிவிடும். 1922-ஐ நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

48 வருடம்

இனிமேல் வருவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி, யாரும் அதிகம் பேசாததும் இதைத்தான்.

ராயபுரத்தில் போட்டது அகலப் பாதை, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். எழும்பூரிலிருந்து கடற்கரை வரைக்கும் வந்த தென்னிந்திய ரயில்வேயின் பாதை மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். பீச் ஸ்டேஷனில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. ஆனால் ஒன்றின் வண்டி மற்றதன் மேல் ஏற முடியாது. தாம்பரத்திலிருந்து வருகிறவர் ராயபுரம் போக வேண்டுமானால் பீச்சில் இறங்கி வண்டி மாற வேண்டும். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கு.

1931-இல் பீச்–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் வந்தது. ஆளுநர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லி தொடங்கிவைத்தார், மே மாதத்திலிருந்து பொதுமக்கள் ஏறினார்கள். இதே ஸ்டான்லியின் பெயரைத்தான் ராயபுரத்துக்காரர்கள் தினமும் சொல்கிறோம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி. மின்சார ரயில் வந்ததும் அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் ஊர் முளைத்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டியை நம்பி வீடு கட்டியவர்கள், அந்த வண்டியைப் பிடித்துப் பாரிமுனைக்கு வேலைக்கு வந்தவர்கள். தென்சென்னையின் நடுத்தர வர்க்கமே அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பீச்சுக்கு அடுத்த ஸ்டேஷனான ராயபுரத்துக்கு மின்சாரப் புறநகர் ரயில் எப்போது வந்தது? 1979-இல். வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே திருவள்ளூர் பாதைகளில் அந்த வருடம்தான் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே 48 வருட இடைவெளி. ஒரு தலைமுறை பிறந்து, படித்து, வேலைக்குப் போய், ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிவிடும் காலம் அது.

வடசென்னையில் தொழிற்சாலை வந்தது, துறைமுகம் பெருத்தது, திருவொற்றியூர் எண்ணூர் எல்லாம் ஆட்கள் நிரம்பினார்கள். ரயில் இல்லாமல் இல்லை, நீராவி வண்டிகள் ஓடின, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் வண்டி இல்லை. அந்த இடைவெளியில் எங்கள் பக்கம் பஸ்ஸிலும் சைக்கிளிலும் லாரிகளுக்கு நடுவிலும் போய்வரப் பழகிவிட்டது. பழகிய பிறகு ரயில் வந்தால், அதைச் சுற்றி ஊர் வளராது, அது ஊருக்குள் ஓரமாக வந்து நிற்கும். ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும், கடைத்தெரு ஒரு பக்கம், ஸ்டேஷன் வேறு பக்கம். மாம்பலத்தையும் ரங்கநாதன் தெருவையும் நினைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பீச்–தாம்பரம் பாதையில் கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004-இல் ஓடி முடிந்தது. இரண்டு பக்கமும் அகலப் பாதை ஆனதும், ஏறக்குறைய நூறு வருடமாக பீச்சில் இருந்த சுவர் இடிந்தது. அப்புறம்தான் வடக்கிலிருந்து வரும் தொலைதூர வண்டிகள் சில ராயபுரம், பீச் வழியாக எழும்பூர் போய்த் தெற்கே போக முடிந்தது. புறநகர் வண்டிகள் சில வேளச்சேரி வரைக்கும் நேரே ஓடுகின்றன. இணைப்பு கிடைத்த நேரத்தில் ராயபுரத்தில் இறங்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லாமல் போயிருந்தது.

மூன்றாவது முனையம் யாருக்கு

2005-இல் பழைய கட்டடத்தைப் பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும். சிவப்பும் வெள்ளையும் அடித்துத் தூண்கள் பளிச்சென்று நின்றபோது, எங்கள் தெருவிலிருந்தே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அருகில் போய்த் தூணில் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து கல் மாதிரித் தெரிவது செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும்தான், கடல் காற்றில் உப்பு ஏறி ஏறிப் பெயிண்ட் செதில் செதிலாகக் கிளம்பும், நகத்தால் கீறினால் அடியில் இன்னொரு நிறம், அதற்கடியில் இன்னொன்று. கடலோரக் கட்டடத்துக்கு ஒரு முறை பெயிண்ட் அடித்தால் போதாது, விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்ட்ரலும் எழும்பூரும் திணறியபோது மூன்றாவது முனையம் பற்றிய பேச்சு வந்தது. ராயபுரத்துக்காரர்கள் பல வருடம் மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். ரயில்வே நிலம் இங்கே விரிந்து கிடக்கிறது, காலியாக இருக்கும் சரக்கு யார்டுகளே போதும், வரலாறும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். முனையம் தாம்பரத்துக்குத்தான் போனது. இன்று தெற்கு மாவட்டங்களுக்கு ஏராளமான வண்டிகள் தாம்பரத்திலிருந்து கிளம்புகின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது அதன்மேல் முதலில் ஓடவிட்ட வண்டியும் ராமேஸ்வரம்–தாம்பரம் எக்ஸ்பிரஸ்தான்.

தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்ததைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தெற்கிலிருந்து வரும் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்துவது நியாயமான முடிவு, எழும்பூருக்கும் பீச்சுக்கும் நடுவே பாதை அவ்வளவு நெருக்கடி. அந்த நாலு கிலோமீட்டர் சொச்சத்தில் நாலாவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை பீச்–சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலையே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தாலே தெரியும். தெற்கு வண்டி எல்லாவற்றையும் அதற்குள் நுழைத்து ராயபுரத்துக்குக் கொண்டுவா என்று கேட்பது நடக்காத காரியம்.

ஆனால் வடக்கும் மேற்கும் வேறு. கூடூர் பக்கத்திலிருந்தும் அரக்கோணம் பக்கத்திலிருந்தும் வரும் வண்டிக்கு ராயபுரம் வருவதற்கு எழும்பூர் குறுக்கே இல்லை. சென்ட்ரலில் பிளாட்ஃபாரம் கிடைக்காமல் பேசின் பிரிட்ஜில் வண்டி நின்று நின்று, 'சென்ட்ரல் தெரியுது, ஆனா இறங்க முடியல' என்று பெட்டிக்குள் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர். அவற்றில் நாலு வண்டியை, பகல் நேரத்துப் பாசஞ்சர்களையாவது, ராயபுரத்தில் முடிக்கலாமே என்பது என் கருத்து. இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு நியாயமாகப் படுவது ஒன்றுதான், சாலை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் பகுதி இது, ராத்திரி பத்து மணிக்குப் பெட்டி படுக்கையோடு இறங்குகிற குடும்பம் இங்கிருந்து எப்படிப் போகும்? 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் நீண்டபோதும் அது தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை என்று மேற்கே தள்ளியே போனது, இந்த ஸ்டேஷனைத் தொடவில்லை. முனையம் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, பஸ்ஸும் சாலையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கோரிக்கையில் இருந்த குறை அது.

தோற்றதால் பிழைத்தது

இதையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது இன்னொரு விஷயமும் புரிந்தது, இதை ஏற்றுக்கொள்ள எனக்கே கொஞ்ச காலம் ஆனது. அந்தக் கட்டடம் இன்று நிற்பதற்குக் காரணமே ராயபுரம் ஓரங்கட்டப்பட்டதுதான். போரிபந்தர் வளர்ந்தது, அதனால் பழைய கட்டடத்தை எடுத்துவிட்டுப் பிரமாண்டமாக விக்டோரியா டெர்மினஸ் கட்டினார்கள். ஹௌரா வளர்ந்தது, பழையது போயிற்று. கூட்டம் சேரும் ஸ்டேஷனை இடித்துத்தான் பெரிதாக்குவார்கள். 1873-இல் சென்ட்ரல் வராமல் எல்லா வண்டியும் ராயபுரத்துக்கே வந்துகொண்டிருந்தால், 1900-க்குள் இந்தத் தூண்களை எடுத்துவிட்டுச் சிவப்புச் செங்கல்லில் கோபுரம் வைத்த வேறு ஒரு ஸ்டேஷன் இங்கே எழுந்திருக்கும். தெற்கே 1856-ஐக் கைதொட்டுப் பார்க்க ஓர் இடமும் இருந்திருக்காது.

அதனால் முனையம் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் கட்டடத்தைக் கேளுங்கள். ரயிலுக்குக் காத்திருக்கிற ஒரு ஆள் அந்தத் தூண்களுக்கு நடுவே போய் உட்கார முடிய வேண்டும். என்ன நடந்தது இங்கே என்று தமிழில் ஒரு பலகை, வாலாஜா ரோடு வரைக்கும் அன்று போட்ட பாதையின் வரைபடம், தைத்த மசூலா படகின் மாதிரி ஒன்று, இவ்வளவு போதும். பெரம்பூரில் ரயில் மியூசியம் இருக்கிறது, நல்ல இடம்தான், ஆனால் என்ஜின்களை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ராயபுரத்தில் எதையும் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை, அந்த இடமே அசல். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது, 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம். அதைப் பார்க்க வருகிறவர் இருக்கிறார், அவரை இங்கேயும் ஒரு எட்டு வரவழைக்க முடியாதா?

பெயர் மட்டும் எங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் மின்சார லோகோ ஷெட் இருக்கிறது, டபிள்யூ.ஏ.பி.-7 ரக என்ஜின்கள் இங்கே பராமரிக்கப்படுகின்றன, ஒவ்வொரு என்ஜினின் பக்கவாட்டிலும் அதன் ஷெட்டின் பெயர் எழுதியிருக்கும். சென்ட்ரலிலிருந்து டெல்லிக்கோ ஹௌராவுக்கோ போகிற வண்டியில் ஏறும்போது அடுத்த முறை முன்னால் நடந்து போய் என்ஜினைப் பாருங்கள். வழியில் ஏதோ ஒரு ஊரில், தமிழே தெரியாத ஒருவர் வண்டிக்குக் காத்து நிற்கும்போது அந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், ரா-ய-பு-ரம் என்று. இறங்கி அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, வண்டி கிளம்பிவிட்டது.